மாங்கனீசுக்கு ஏழு

நான் கைநாட்டுதான். ஆனால் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசுக்கு எவ்வளவு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அதைச் சொல்லித்தான் ஒரு கல்யாணப் பேச்சையே கலைத்தேன்.

எழுபதுகளில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருந்தோம். மாமனார் கரையில் மீன் எடுத்துச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். நாத்தனார் பியுசி படித்தாள். நான் கொல்லையில் மீன் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து ரசாயனப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். அதில் ஆக்ஸிஜனேற்ற எண் என்று ஒரு கணக்கு. ஒரு பொருளுக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சிலதுக்குப் பிளஸ், சிலதுக்கு மைனஸ். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. கிளிஞ்சலை நிமிர்த்தி வைத்தால் பிளஸ், கவிழ்த்தால் மைனஸ் என்று நானும் போட்டுப் பார்ப்பேன். குழம்பு பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து ஒரு ரசாயன வாத்தியார் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

"அண்ணி, நான் பி.எஸ்சி. படிக்கணும். அந்தாளு எதுனா கேட்டா தப்புத் தப்பா சொல்லிடுவேன். மக்குன்னு நெனச்சிகினு ஓடிடுவாரு. நீ மட்டும் வாயத் தொறக்காத."

"நான் இன்னாத்துக்குடி தொறக்கப்போறேன்?" என்றேன். சத்தியம்கூடப் பண்ணினேன்.

வாத்தியார் அம்மாவோடு வந்தார். காலரா பயத்தில் கிணற்றுக்கு மருந்து போட்டிருந்தார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதில் கால் கழுவி வந்தவர், உட்கார்ந்ததும் நாத்தனாரிடம் கேட்டார்:

"கெணத்துல பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டிருக்காங்க போல. அதுல மாங்கனீசோட ஆக்ஸிஜனேற்ற எண் என்னம்மா?"

"ரெண்டு."

நான் கதவோரம் கேசரித் தட்டோடு நின்றேன். அன்றைக்கென்று நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தேன். நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யோசிச்சுச் சொல்லும்மா."

"மூணு."

"ஏழுடி" என்று சொல்லிவிட்டேன்.

வீடே என்னைப் பார்த்தது. வாத்தியார் மட்டும், "எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"ஆக்ஸிஜன் நாலு கீது. ஆளுக்கு மைனஸ் ரெண்டு, ஆச்சா எட்டு. பொட்டாசியம் பிளஸ் ஒண்ணு. மிச்சம் ஏழும் மாங்கனீசு தலையிலதான?"

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல சார். இவ படிக்கசொல்ல காதுல வுழுந்ததுதான்."

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "காதால கேட்டவங்களே சொல்றாங்க. படிச்ச உனக்குத் தெரியாதா? கல்யாணம் வேணாமாம்மா?"

"படிக்கணும் சார்." அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் சரியான பதில்.

வாத்தியார் சிரித்துவிட்டார். மாமனாரிடம், "படிக்க வைங்க. நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் அம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது. கேசரியை மட்டும் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டுத்தான் கிளம்பினார்.

"இனிமே எவனாச்சும் பொண்ணு பாக்க வந்தா, மொதல்ல உன்ன உங்காத்தா வூட்டுக்கு அனுப்பிடணும்" என்று மாமனார் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர், காலி மீன்கூடைக்குள்ளிருந்து பி.எஸ்சி. விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். வஞ்சிரம் வாசம் தூக்கியது. நாத்தனார் அதைத் துணிக்கொடியில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்தாள். வாசம் போகவில்லை, அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காலேஜில் வாங்கிக்கொண்டார்கள்.