மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆயர் வேண்டும்

ஆயர்களை உருவாக்குகிற வேலையில் பெரிய சங்கடம், செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய இருபது வருஷம் ஆகும் என்பதுதான். எங்கள் காம்பவுண்டுக்கு எதிரே இருக்கிற தொழிற்சாலையில் ஒரு சாமான் உற்பத்தி லைனை விட்டு இறங்கும்போதே தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வாத்தியார், நர்ஸ், பிள்ளை வளர்க்கிறவர்கள் என்று பலனை உடனே பார்க்க முடியாத வேலையில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு பெண் ஆயர்; சபை ஜனங்கள் பாஸ்டரம்மா என்று கூப்பிடுவார்கள். ஒரகடம் போகிற சாலையில் உள்ள இறையியல் கல்லூரியில் பதினோரு வருஷமாகக் களப்பணி ஆசிரியை. மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பி ஜனங்களோடு பழக வைப்பது என் பொறுப்பு. ஆயர் எட்டிப் பார்க்க முடியாத கிராமங்களில் ஜெபம் நடத்த உபதேசியார்கள் தேவைப்பட்ட காலத்தில், இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மிஷனெரிகள் ஒரு கூரைக் கொட்டகையில் ஆரம்பித்த கல்லூரி இது. பிறகு ஆயர்களுக்கே பயிற்சி தர ஆரம்பித்தது. சுதந்திரம் வந்த சமயத்தில் சபைகள் ஒன்று சேர்ந்தன; பெயரில் இருந்த ஆங்கிலிக்கன் என்ற வார்த்தை போய்விட்டது. காலை மாலை சேப்பல் மணியும் பழைய ஜெப முறையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. சுற்றி இருந்த ஏரிப் பாசன நிலம்தான் கம்பெனிகளாக மாறிவிட்டது.

அட்மிஷன்

ஒரு ஜூன் மாதம் பென்னலூரிலிருந்து ஒரு தகப்பனார் மகனுடைய மார்க் ஷீட்டோடு வந்தார். பெயர் முருகேசன். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. ஆங்கிலப் பலகையில் 'தியாலஜிக்கல்' என்று எழுதியிருந்ததை 'டெக்னாலஜிக்கல்' என்று படித்துவிட்டு வந்திருக்கிறார். "மெக்கானிக்கல் சீட் கீதுங்களாம்மா?" என்று கேட்டார்.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இது சர்ச்சில் ஊழியம் செய்கிறவர்கள் படிக்கிற இடம் என்றேன். அவர் எழுந்துகொள்ளவில்லை. எத்தனை வருஷம், முடித்தால் எங்கே போஸ்டிங் என்று அக்கறையாக விசாரித்தார். நாலு வருஷம், எந்த ஊருக்கு அனுப்பினாலும் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, யாராவது இறந்துபோனால் எந்த நேரத்திலும் கிளம்பவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. மகனுக்காக அல்ல, எனக்காக என்று பிறகுதான் புரிந்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னார்: "ஒடம்ப பாத்துக்கம்மா. எங்க கம்பெனியிலகூட வாரம் ஒரு நாள் லீவு வுட்றாங்க."

விழித்திருங்கள்

ஜெபசிங் திருநெல்வேலிப் பையன். குரல் வளம் அபாரம், மைக் தேவையில்லை. இரண்டாம் வருஷக் களப்பணிக்கு அவனைச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். மூன்றாம் ஷிஃப்ட் முடித்து, காலை ஏழரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்களுக்கு ஒரு சின்ன ஜெபக்கூட்டம். அவன் ஒரு வாரம் தயாரித்தான். தலைப்பு 'விழித்திருங்கள்'. நாற்பது நிமிஷம் பேசினான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினாறு பேரில் பதினொரு பேர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

முடிந்ததும் சாந்தி என்ற பெண் மரியாதையாக எழுந்து நின்றாள். "பாஸ்டர், நாங்க முழிச்சிகினு இருந்துட்டுத்தான் வர்றோம். எப்பனா ஒரு தடவ தூங்குறதப் பத்திச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது, படப்பை தாண்டிய பிறகு, "எனக்கு வெக்கமா இருக்கு மேடம். வந்ததும் சாப்ட்டியளான்னுகூட நான் கேக்கல பாத்தியளா" என்றான் ஜெபசிங். கண் கலங்கியிருந்தது.  அடுத்த வாரம் போகும்போது பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டான். எல்லோரும் குடித்து முடித்த பிறகு, புயல் அடிக்கும்போது படகில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவைப் பற்றிப் பத்தே நிமிஷம் பேசினான். சாந்தி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இது எங்க ஷிஃப்ட்டுக்குச் சரியா கீது பாஸ்டர்."

எழுபத்தொன்று

சாலோமி சேரப்பணஞ்சேரிக்காரி. எலக்ட்ரானிக்ஸ் லைனில் நாலு வருஷம் நின்று வேலை பார்த்துவிட்டு ஆயராகவேண்டும் என்று வந்தவள். கல்லூரியின் வரலாற்றை எழுதச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்தபோது, மற்றவர்கள் ஹாலில் மாட்டியிருக்கிற வெள்ளைக்கார முதல்வர்களின் படங்களைப் பார்த்து எழுதினார்கள். இவள் நூலகத்தில் பழைய பதிவேடுகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு தடித்த நோட்டை என் மேஜைக்குத் தூக்கிவந்தாள். அந்தக் காலத்தில் உபதேசியாராகப் படிக்க வந்தவர்கள் மனைவியோடு வந்து தங்குவார்கள். மனைவிமார்களுக்கும் தனி வகுப்பு, பரீட்சை எல்லாம் இருந்திருக்கிறது. நோட்டில் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஞானமுத்து, நாற்பத்து மூன்று மதிப்பெண். ஞானமுத்துவின் மனைவி, எழுபத்தொன்று. பக்கம் பக்கமாக இப்படியே இன்னாரின் மனைவி, இன்னாரின் மனைவி. ஒரு பெண்ணுக்குக்கூடப் பெயர் எழுதவில்லை. நான் இந்த நூலகத்துக்குப் பதினோரு வருஷமாகப் போய்வருகிறேன். அந்த நோட்டை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அந்த எழுபத்தொன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "லைன்ல எங்களையும் நிக்கிற ஸ்டேஷன் நம்பர வெச்சுத்தான் கூப்டுவாங்க மேடம். இவங்க பேரு இன்னான்னு அந்த ஞானமுத்துவுக்காவது தெரிஞ்சிருக்கும், நமக்குத்தான் தெரியல."

ஒரு மணி நேரம்

பக்கத்துக் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். அதிகாரி முதல்வரைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், களைத்த முகம். ஆட்கள் சேர்ந்த வேகத்தில் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்களாம். எங்கள் மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் வந்து அவர்களுக்கு ஆறுதலாகப் பேசினால் நல்லது என்றார். முதல்வர் என்னைப் பார்த்தார். வருகிறோம் சார், ஆனால் முதலில் அவர்கள் பேசட்டும், நாங்கள் கேட்கிறோம், பிறகு பேசுகிறோம் என்றேன். அவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். "கேக்க ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பத்தாதே மேடம்."

பிலிசிட்டா

போன வருஷம், சாலோமி கடைசி ஆண்டில் இருந்தபோது நடந்தது. அவள் களப்பணிக்குப் போய்க்கொண்டிருந்த ஹாஸ்டலில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி, பெயர் பிலிசிட்டா, மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு. ஊர் மலைக்குள் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, நானும் அவள் அண்ணனும் ரயில் ஏறிவிட்டோம், அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்று அவளுடைய அப்பா போனில் சொல்லியிருந்தார்.

ஹாஸ்டலுக்குப் பக்கத்தில், சாலோமி ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற ஒரு சின்ன கிராமச் சபை இருந்தது. அதன் ஆயர் ஊரில் இல்லை. போனில் கேட்டதும் என்னையே அடக்கத்தை நடத்தச் சொன்னார். ஆனால் சபைச் செயலாளர் தானியேல் ஒப்புக்கொள்ளவில்லை. அறுபது வயதுக்காரர். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு கேன்டீன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். "சபைப் புக்குல பேரு இல்ல. எந்தச் சபைன்னே தெரியாது. கல்லறைத் தோட்டத்துல எங்க ஜனத்துக்கே எடம் பத்தல பாஸ்டரம்மா" என்றார். அதில் பொய் இல்லை. வாதாட நான் வாயைத் திறப்பதற்குள் சாலோமி அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணா, இவ ஆறு மாசமா ஞாயித்துக்கெழம ஷிஃப்ட் மாத்திகினு நம்ம சர்ச்சுக்கு வந்தா. கடசி பெஞ்சில ஒக்காருவா. பாஷ புரியாது, ஆனா வருவா. நீங்க ஒரு தடவ அவளுக்குப் பாட்டுப் புஸ்தகம் எடுத்துக் குடுத்தீங்க."

தானியேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி எங்கே கேட்பது என்று நானும் சாலோமியும் சர்ச் படியில் உட்கார்ந்திருந்தோம். நான் வேறு இரண்டு சபைகளுக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் கமிட்டியைக் கேட்கவேண்டும் என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் தானியேல் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். அப்பாவும் அண்ணனும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டாம் ஷிஃப்ட்டில் மாற்று ஆள் போட்டுவிட்டு ஹாஸ்டல் பெண்கள் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். அடக்க ஆராதனையின் பெரும்பகுதியைச் சாலோமியையே வாசிக்கச் சொன்னேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த நீளமான வாக்கியங்கள். நான் மாணவியாக இருந்தபோது எரிச்சலோடு மனப்பாடம் செய்தவை. அவள் அவசரப்படாமல் வாசித்தாள். பிலிசிட்டாவின் பெயர் வரவேண்டிய இடங்களில் ஒன்றைக்கூட விடாமல், முழுப் பெயராகச் சொன்னாள். அந்த அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. மகளின் பெயர் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்தார். குழியில் மண் போடும்போது அந்தப் பெண்கள் தங்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள். எங்களில் யாருக்கும் வார்த்தை புரியவில்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கவனித்தேன். அந்தக் குழி, தானியேலின் அம்மா கல்லறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அது யாருக்கு என்று வைத்திருந்த இடம் என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்குத்தான் வெச்சிருந்தேன். எனக்கு இன்னா இப்ப அவசரம்?"

இந்த மாதிரி விஷயங்களுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதற்காகத்தான் கல்லூரி எனக்கு நாற்காலி கொடுத்திருக்கிறது, நானும் பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் பிறகு அழித்துத் திருத்தலாம் என்று பென்சிலிலேயே போட்டுக்கொண்டு வருகிறேன்.