முதுகு உள்ளே, முகம் வெளியே

"வண்டிய எப்படி விடணும், சொல்லு பாப்போம். முதுகு உள்ளயா, மூஞ்சி உள்ளயா?"

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் காரும் இல்லை. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் திரும்பிய வெள்ளைக் காரைப் பார்த்துக் கையை உயர்த்தி, அதன் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"வரட்டும்... வரட்டும்... ஸ்டீரிங்கக் கொஞ்சம் ஒடிங்க... இப்ப நேரா... வரட்டும்... போதும்."

மருத்துவமனையின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கார்கள் நிற்க இடம் உண்டு. பதினொரு வருஷமாக அந்த இடத்தை ஆள்பவர் அவர்தான். நர்ஸுகளிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'வரட்டும் அக்கா'. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆரஞ்சு நிறக் கோட்டு முழங்கால் வரை தொங்கும். "இது எனக்குத் தச்சதில்ல, எனக்கு முன்னாடி இருந்த பயில்வானுக்குத் தச்சது" என்பார்.

கார் பின்வாங்கும்போது அவருடைய உள்ளங்கை விரியும். விரல்கள் தண்ணீரை அளைவதுபோல மெல்ல அசையும். கடைசியில் கை மூடும். கை மூடிய நொடியில் கார் நின்றால், சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் இடம் இருக்கும். சந்தேகப்பட்டு நானே அளந்து பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் ஓட்டுநர் இருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஆட்களை அவர் முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை. காரின் பின்புறத்தைக் கொண்டுதான். "இடது பக்கம் நசுங்கின டாக்டர் வந்துட்டாரா?" என்று ஒருமுறை கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் பதறிப்போய் அவசரப் பிரிவுக்கு ஓடிவிட்டாள்.

அவருடைய கேள்விக்கு அவரே ஒருநாள் பதில் சொன்னார்.

"முதுகுதான் கண்ணு உள்ள இருக்கணும். வர்றப்ப நிறுத்த நான் இருக்கேன். போறப்ப? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போறவங்க கண்ணுல ஒண்ணு சிரிப்பு இருக்கும், இல்லன்னா தண்ணி இருக்கும். ரெண்டுலயும் பின்னாடி தெரியாது. மூஞ்சி வெளிய இருந்தா நேரா போயிடலாம்."

கார்கள் நிற்கும் சுவரை ஒட்டி, தரைத்தளத்தில் மூன்றாவது ஜன்னல் எங்களுடையது. உள்ளே அப்பா படுத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பள்ளியை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் பகலில் துணை.

அந்த அறையின் மதியங்கள் பாதித் தூக்கத்தில் நடந்தவை. வெளியே ஒரு கார் திரும்பினால், அதன் கண்ணாடியில் பட்ட வெயில் எங்கள் கூரையில் ஒரு மீனைப் போல நீந்திப் போகும். அப்பாவின் கண்கள் அதன் பின்னாலேயே போகும். சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் மிதந்து வரும். வரட்டும்... வரட்டும்... எங்கோ படகைக் கரைக்கு அழைப்பதுபோல இருக்கும்.

கூடவே புகையும் வந்தது. பின்பக்கமாக நிற்கும் கார்களின் புகைக் குழாய்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்தே இருந்தன. சும்மா இருக்க முடியாத நான், ஒருநாள் அதை அழகாக எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து, பிசியோதெரபி செய்பவர் அப்பாவின் வலது காலைப் பிடித்துக்கொண்டு, "அழுத்துங்க சார், என் கையில அழுத்துங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கால் மரக்கட்டைபோலக் கிடந்தது. வெளியே ஒரு கார் வந்தது. வரட்டும்... வரட்டும்... போதும். அப்பாவின் பாதம் அவர் கையை அழுத்தியது.

பேருந்தை நிறுத்துகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"நான் அரை மணி நேரமா தொண்டை கிழியக் கத்துறேன். அந்தக்கா ஒரு வார்த்தை சொன்னா அழுத்துறாரு" என்றார் அவர். பிறகு என்னை வெளியே அழைத்து, "இந்த ரெண்டு மாசத்துல கால்ல பலம் வந்தாத்தான் எழுந்து நிப்பாரு. அப்புறம் கஷ்டம்மா" என்றார்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் பாதத்தைத் தடவியபடி, "நான் சொல்லி என்னிக்கு நிறுத்தியிருக்காரு?" என்றாள். அப்பா கோணல் வாயால் சிரித்தார். அன்று முதல் ஒவ்வொரு காருக்கும் போர்வை ஒருமுறை அசைந்தது.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் சுவரில் பலகை வந்துவிட்டது: 'வாகனங்களை முன்பக்கமாக மட்டுமே நிறுத்தவும்.'

முன்பக்கமாகப் போக யாருக்கும் வழிகாட்ட வேண்டியதில்லை. கார்கள் தாமாக வந்து நின்றன. அக்கா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றார். போர்வை அசையவில்லை. நானே ஜன்னலோரம் நின்று "வரட்டும், வரட்டும், போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் நடிக்கிறேன் என்பது காலுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

அக்காவிடம் போய், "அந்தப் புகார எழுதினது நான்தான்" என்றேன். அப்பாவின் கால் விஷயத்தையும் சொன்னேன்.

அக்கா சுவரிலிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சுன்னு மேனேஜர் சொன்னாரு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்தக் கால்?"

"வலது."

"பிரேக்குக் காலா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் மரத்தடியில் இல்லை. எங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் நின்றிருந்தார். முன்பக்கமாக வந்த காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "வரட்டும்... வரட்டும்..."

"நேரா உள்ள விடறதுக்கு எனக்கு நீங்க வேணுமாக்கா?" என்றார் காரில் இருந்தவர்.

"சுவருக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு சார். பாத்து வரட்டும்... போதும்."

வாசல் காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கு நடந்து வர்றவங்களுக்கும் கை காட்டுவீங்களாக்கா?"

"நீ முதல்ல நேரா நட. உனக்கும் காட்டறேன்."

பகலெல்லாம் அவருக்கு இரட்டை வேலை. உள்ளே வரும் காருக்குச் சுவரோரம் நிற்க வேண்டும். வெளியே போகும் கார் பின்வாங்கும்போது, மறுபக்கம் ஓடிப்போய் யாரும் குறுக்கே வராமல் பார்க்க வேண்டும். "இப்பவும் எனக்கு இது பிடிக்கல கண்ணு. முதுகுதான் உள்ள இருக்கணும்" என்பார் மூச்சிரைக்க. கேலி செய்பவர்கள் குறையவில்லை. அவர் காரணத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதனால்தான் நான் எழுதுகிறேன். கார் ஓட்டும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். எந்த ஊர் மருத்துவமனையிலும் சரி, சுவரோரம் நின்று ஒருவர் தேவையில்லாமல் கை காட்டினால், சிரிக்காமல் மெதுவாக வரச் சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும்.

நேற்று விடுமுறை. மதியம் வரை ஒரு கார்கூட வரவில்லை. பன்னிரண்டு இடங்களிலும் வெயில் மட்டும் நின்றது. கூரையில் மீன் இல்லை. அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். நானும் தூங்கிப்போயிருப்பேன்.

"வரட்டும்... வரட்டும்..."

எழுந்து ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா காலி இடத்தைப் பார்த்துக் கையை உயர்த்தியிருந்தார். விரல்கள் அசைந்தன. "கொஞ்சம் ஒடிங்க... இப்ப நேரா..." அடிமேல் அடி வைத்துச் சுவரை நோக்கிப் பின்னால் வந்தார். கை மெல்ல மூடியது. "போதும்."

என் பின்னால் போர்வை சரசரத்தது.

வெளியே அக்கா, இறங்குகிறவர் கதவைத் திறக்க இடம் விட்டு, ஓரடி ஒதுங்கி நின்றார்.