அரிசி குக்கரில் கோழி வைத்த அண்ணனும் அண்ணி மேல் விழுந்த பழியும்

எங்கள் அண்ணன் வேப்பம்பட்டில் பிறந்தார், அங்கேயே படித்தார், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், போன ஆண்டு பருத்திப்பட்டு வீட்டில் மாரடைப்பால் இறந்தார். நினைவு மலர் என்றால் இதை விரித்து, நடுநடுவே நற்குணங்களைத் தூவி எழுதுவது வழக்கம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் உடல் நடுவீட்டில் இருக்கும்போதே ஒரு பேச்சு கிளம்பியது. ஓராண்டாக அது சொந்தக்காரர்களான உங்கள் வீடுகளைச் சுற்றி வருகிறது. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கிளப்பியவர் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை.

"இவ ஒழுங்கா ஆக்கிப் போட்டிருந்தா எங்க புள்ள போயிருப்பானா? ஆம்பளைய அடுப்பாண்ட நிறுத்திட்டு டூட்டிக்குப் போயிட்டா. கண்டதையும் போட்டு ஒப்பேத்தித் தின்னுகினு நெஞ்சடைச்சுப் பூட்டான்."

'இவ' என்றது எங்கள் அண்ணியை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் 'கண்டது' என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு ரொம்ப முன்பே, அம்பத்தூரில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தபோதே, அண்ணன் கோழி சமைக்க ஆரம்பித்துவிட்டார். அறையில் கேஸ் கிடையாது; கரன்ட்டில் ஓடும் ஓர் அரிசி குக்கர்தான். கோழியில் எலுமிச்சை ஊறுகாயைப் பிசைந்து, தக்காளியை நசுக்கிப் போட்டு, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடிவிடுவார். ஸ்விட்ச் எகிறும்போதெல்லாம் திரும்ப அமுக்குவார்.

"மசாலா எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு? உப்பு, காரம், புளிப்பு எல்லாம் ஊறுகாய்லயே கீது. எவனோ நமக்காகக் கஷ்டப்பட்டுப் போட்டு வெச்சுகிறான், தின்னு!"

பருத்திப்பட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகும் அவர் மாறவில்லை. தயிரும் இட்லிப் பொடியும் தடவிய துண்டுகளை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுவார். மீந்துபோன மிக்சரை நொறுக்கி, முட்டையில் முக்கிய கோழியை அதில் புரட்டித் தோசைக்கல்லில் சுடுவார். யாரும் அவரை அடுப்பருகே நிறுத்தவில்லை. அண்ணி கரண்டியைத் தொட்டாலே, "யம்மா தாயே, நீ ஊசி போடு, அது போதும்" என்று விரட்டுவார்.

அத்தை, உங்களைத்தான் கேட்கிறேன். கரையான்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்த மிக்சர் கோழியை எலும்புவரை உறிஞ்சிவிட்டு, டப்பாவிலும் அடைத்துக்கொண்டு போனது யார்? "இன்னும் ரெண்டு துண்டு வைடா நைனா" என்றது யார் குரல்? உங்கள் நெஞ்சு நன்றாகத்தானே இருக்கிறது?

எங்கள் அப்பாவும் மாரடைப்பில்தான் போனார், அண்ணனைவிடச் சின்ன வயதில். அவருக்கு ஆக்கிப் போட்ட அம்மா வேலைக்குப் போனதில்லை. மசாலா அரைக்காமல் ஒருநாளும் குழம்பு வைத்ததில்லை. பதினாறாம் நாள் படையல் சமைக்க அண்ணி வரக்கூடாது என்று அத்தை மறித்தபோது, அம்மா கேட்டார்:

"என் புருசன் செத்தப்போ இன்னா சொன்னே? விதின்னே. என் புள்ள செத்தா மட்டும் மருமவளா?"

அத்தை அங்கே அதோடு நிறுத்திக்கொண்டார். வெளியே போய்ப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணி இப்போது உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வருவதில்லை. பருத்திப்பட்டு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விடலாமா என்று அம்மாவிடம் கேட்கிறார்.

நன்றி சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நன்றி. தோள் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கு நன்றி. அண்ணன் சுருண்டு விழுந்ததும், வண்டி வரும்வரை, கை மரத்துப்போயும் விடாமல் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தவர் அண்ணி. உங்களில் ஒருவர்கூட அதை விசாரிக்கவில்லை. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

இன்றைய முதலாண்டுப் படையலை அண்ணிதான் சமைக்கிறார். இந்த வீட்டில் கை நனைக்க நினைப்பவர்கள், முதலில் சமையலறைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து இலையில் உட்காருங்கள். முடியாதவர்கள் இந்த மலரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.