மிச்சக் கிழங்குச் சட்டம்

என் பெரியமாமா வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர். அதுதான் பிரச்சினை. வேதம் தெரியாத மனிதன் என்றால் அன்றைக்கு அந்தப் பெண்ணை வேலியடியிலேயே துரத்தியிருப்பான். அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும்.

பலாலிச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்த காலம். எனக்கு ஒன்பது வயது. மோசேயின் சட்டங்களை மனப்பாடம் செய்து ஞாயிறு பாடசாலையில் முதற்பரிசு வாங்கியிருந்தேன். பரிசு ஒரு முழுச் சவர்க்காரம். பொருளாதாரத் தடையால் ஊரே பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த நேரத்தில் அது சும்மா பரிசல்ல. ஒரு கிழமையாக நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாமாவின் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டினார்கள். மண்வெட்டியால் பாத்தியைப் புரட்டிக் கிழங்கெடுத்தால் எப்படியும் கொஞ்சம் மண்ணுக்குள் தங்கிவிடும். அதை நம்பித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வெறும் உரப்பையோடும் சின்ன மகளோடும் வந்து வேலியடியில் நின்றாள்.

"அண்ணை, நிவாரணம் இன்னும் வரேல்லை. கிண்டி முடிய நாங்கள் ஒருக்காப் பாக்கட்டே? பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுக்கலாம்."

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"எடி பிள்ளை, மிச்சத்தைப் பற்றி மோசே என்ன சொன்னவர்?"

நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: அறுத்தவன் சிந்தியதைத் திரும்பப் பொறுக்கக் கூடாது, ஏழைக்கும் அந்நியனுக்கும் அதை விட்டுவிட வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

மாமா நாடியைச் சொறிந்தார். "அறுத்தவன் பொறுக்கக் கூடாதெண்டுதானே கிடக்கு. எங்கடை பிள்ளையள் அறுக்கேல்லையே."

கிண்டிக்கொண்டிருந்த கூலிக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "ஐயா, மோசே உங்களிட்டை ஒருக்காக் கேட்டிட்டெல்லோ எழுதியிருக்க வேணும்!"

"நீ வாயைப் பொத்திக்கொண்டு கிண்டு."

கிண்டி முடிந்ததும் மாமாவின் இரண்டு பெடியன்களும் நானும் பாத்திக்குள் இறங்கினோம். கைவிரலால் மண்ணைத் துழாவினோம். பாக்களவு கிழங்கைக்கூட நான் விடவில்லை. பெடியன்கள் இருவரின் ஓலைக் கடகத்தையும் விட என்னுடையது நிறைந்திருந்தது. அந்தப் பெண் வெயிலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாமா படலையை அகலத் திறந்தார்.

"இப்ப வாங்கோ பிள்ளை. எவ்வளவெண்டாலும் எடுங்கோ. எங்கடை வேதம் அப்பிடி."

உச்சி வெயில் ஏறும்வரை அவள் மண்ணைக் கிளறினாள். பையின் அடியில் விழுந்தது வெட்டுப்பட்ட நாலைந்து கிழங்குதான். அவளுடைய மகள் என் கடகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் போய்ச் சொன்னேன்:

"இந்தப் பக்கம் தேடாதையுங்கோ. இது நான் பார்த்த இடம். ஒண்டும் இராது."

அவள் தாயிடம் ஓடிப்போய் அதைச் சொன்னாள். தாய் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

பின்னேரம் மாமா முழங்காலில் நின்று, ஏழைக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் மனதைத் தந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அந்தக் கள்ள ஜெபத்துக்காக இன்றைக்கும் அவரை வாயாரத் திட்டுகிறேன். ஆனால் மண்ணைத் துழாவிய கை என்னுடையது. அந்தப் பிள்ளை வீணாகத் தேடி அலையாமல் உதவி செய்துவிட்டேன் என்ற நினைப்பில், எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னவளும் நான்தான்.