நாற்பது நிமிடக் கிராமியக் கலை

அறுபதுகளில் பம்பாயில் கலையை வளர்த்தது எங்கள் மாதுங்கா சபாதான் என்று சபாவின் ஆண்டறிக்கை ஒவ்வொரு வருஷமும் சொல்லும். அந்த அறிக்கையை எழுதி, ஸ்டென்சில் வெட்டி, வீடு வீடாக அனுப்பியவன் நான். உதவிச் செயலாளர் பதவி எனக்குக் கிடைத்ததே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால்தான். சங்கீதம் எனக்கு ஒரு துளியும் தெரியாது. அது அங்கே யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போகும். போண்டா தீர்ந்துவிடுமே என்ற கவலை. மீதிப் பேர் தொடையில் தாளம் போடுவார்கள், அதையும் தப்பாகப் போடுவார்கள். முதல் வரிசைக்காரர்கள் தூங்குவார்கள். பின்வரிசையில் அம்மாக்கள் பெண்களுக்கு மாப்பிள்ளை பேசி முடிப்பார்கள். மறுநாள் மார்க்கெட்டில் பார்த்தால், "நேத்திக்குக் கச்சேரி பிரமாதம்" என்று ஒருவருக்கொருவர் சர்டிபிகேட் கொடுத்துக்கொள்வார்கள். இவர்களுக்கு நடுவே இடம் பிடிப்பதற்காக நான் தவமாய்த் தவமிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். மாதுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சித்தப்பா வில்லுப்பாட்டும் பாடுவார். வருஷா வருஷம் எங்கள் சந்துக் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லை முன்னால் வைத்து அவர் உட்கார்ந்தால், அந்தச் சந்தில் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். ஃபோர்ட் பகுதியில் கிளார்க் வேலை கிடைத்ததும் நான் மாதுங்காவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஊர் கேட்டவர்களிடம் திருநெல்வேலி என்றேன். தாராவி என்று சொன்னதில்லை.

ஒரு வருஷம் சபாவின் ஆண்டு விழாவுக்கு டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஏற்பாடானது. புதுக் கட்டடத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். அவருக்குக் கிராமியக் கலை என்றால் உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதுவரை கிராமியம் என்றாலே மூக்கைச் சுளித்தவர்களுக்கு ஒரே வாரத்தில் அதன்மேல் காதல் பொங்கிவிட்டது.

செயலாளர் ஒரு கம்பெனியில் பெரிய அக்கவுண்டன்ட். "உங்க பக்கத்துல வில்லுப்பாட்டு உண்டே, யாராவது கெடைப்பாளா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் சார்" என்றேன்.

சித்தப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

செயலாளரும் கமிட்டிக்காரர்கள் இருவரும் ஒத்திகை பார்க்கத் தாராவிக்கு வந்தார்கள். மூவரும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் உறவைக் காட்டிக்கொள்ளாமல் வாசலோடு நின்றுகொண்டேன். சித்தி கொடுத்த டீ ஆறிப்போய் ஈ விழுந்தது. "வாய்ஸ் நன்னா இருக்கு, அந்தப் பானையைத்தான் கொஞ்சம் மெதுவா தட்டச் சொல்லுங்கோ" என்று ஒருவர் அபிப்பிராயம் சொன்னார். நாற்பது நிமிஷம் என்று முடிவாயிற்று.

அவர்கள் போனதும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பாடுவது எங்கள் சாமியின் கதை. மாடு காவல் காத்த ஒருவனை வீண்பழி சுமத்தி வெட்டிப் போடுகிறார்கள். செத்தவன் கைலாசம் போய் வரம் வாங்கி, சாமியாகத் திரும்பி வருகிறான். இந்தக் கதைக்கு எங்களிடம் ஒரு கட்டு உண்டு. வெட்டுப்பட்ட இடத்தைப் பாடிவிட்டால் வரம் வாங்குகிற வரைக்கும் வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைக்கக்கூடாது. நடுவில் நிறுத்தினால் செத்தவனைத் தெருவில் போட்டுவிட்டு வந்ததாக ஆகிவிடும். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் குழந்தைகூட எழுந்து போகாது.

"ஏலே, நாப்பது நிமிசத்துல எங்கன முடிக்க? வெட்டுன பொறவு நிப்பாட்டப்படாதுன்னு அவியகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு சித்தப்பா."

"நெசமாவா? ஒன் பேச்சை நம்பித்தாம்ல வாரேன். சாமி காரியம்."

"ஒத்துக்கிட்டாவ சித்தப்பா" என்றேன்.

பச்சைப் பொய். கேட்டால் செயலாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், எனக்குக் கிடைக்கவிருந்த நல்ல பெயர் போய்விடும். அதனால் நான் கேட்கவேயில்லை.

விழா அன்று அதிகாரி முக்கால் மணி தாமதமாக வந்தார். மாலை, வரவேற்புரை, வாழ்த்து மடல் எல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தன. பிறகு சித்தப்பா உட்கார்ந்தார். கதையைச் சுருக்கி, கிளைக்கதைகளை வெட்டி, ஓட்டமாகத்தான் பாடினார். ஆனால் வெட்டுகிற இடத்துக்கு வந்ததும் குரல் மாறிவிட்டது. வில்லில் கட்டிய மணிகள் அதிர்ந்தன. கேன்டீனுக்குப் போகக் கிளம்பியவர்கள் இரண்டு மூன்று பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்த அரங்கில் நான் கண்ட ஒரே நிஜமான நிமிஷம் அதுதான்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் ஒரு சீட்டு அனுப்பினார். பிறகு மணி அடித்தார். காவல்காரன் தலை விழுந்த அடியில், கயிற்றைப் பிடித்திருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினார். திரை இறங்கியது. மைக்கை அணைத்தார்கள். திரைக்குப் பின்னாலும் வில் அடிப்பது நிற்கவில்லை.

"போய் நிறுத்தச் சொல்லுங்கோ, சீஃப் கெஸ்ட் பேசணும்" என்று செயலாளர் என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினார். அவரும் பின்னாலேயே வந்தார்.

சித்தப்பா பாடிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்த பார்வை. பக்கத்தில் செயலாளர் நின்றார்.

"ஐயா, போதும்" என்றேன். "நேரமாகிவிட்டது. எழுந்திருங்கள்."

பாட்டு நின்றது. சித்தப்பா என்னையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். வீசுகோலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் வில்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள்.

அதிகாரி மேடையேறி, கிராமியக் கலை மக்களின் இதயத் துடிப்பு என்று ஆங்கிலத்தில் பேசினார். கைதட்டினார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக வில்மணி கேட்டது. எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து நடைபாதையில் அவர்கள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பூக்காரிகளும், வீட்டுவேலை முடித்துப் போகிற மராத்திப் பெண்களும், சபா வாசலில் காத்திருந்த டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். பஸ் வந்தும் சிலர் ஏறவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது.

"அந்த ஜன்னலைச் சாத்துங்கோ, டிஸ்டர்பன்ஸா இருக்கு" என்றார் செயலாளர். நான்தான் சாத்தினேன். பிறகு நன்றியுரை படித்தேன். ஒலிபெருக்கிக்காரருக்கும், நாற்காலி கொடுத்தவருக்கும், போண்டா போட்டவருக்கும் நன்றி சொன்னேன். வில்லுப்பாட்டுக்காரர்கள் பெயர் இருந்த வரியைச் செயலாளர் பேனாவால் அடித்திருந்தார். அடித்ததைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். கட்டடத்துக்குக் கையெழுத்து கிடைத்தது. மறுவருஷம் என்னைத் துணைச் செயலாளராக உயர்த்தினார்கள்.

சித்தப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பிடச் சொன்னார், வேலையைப் பற்றி விசாரித்தார். மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி நினைத்துக்கொள்வது சுலபம்.

அடுத்த கொடைக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்டத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கதை தொடங்குமுன் சபைக்கு வணக்கம் சொல்லும்போது, வந்திருக்கும் சொந்தங்களை முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவது சித்தப்பாவின் வழக்கம். அத்தான்மார், மச்சினன்மார், மைனிமார் என்று போய்க்கொண்டே இருக்கும். "என் அண்ணன் பெத்த மவனுக்கும்" என்பது என்னுடைய இடம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வரி வரும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அன்றைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் என்று என் அப்பாவைச் சொன்னார், மைனி என்று என் அம்மாவைச் சொன்னார். என் இடம் வந்தது. தாண்டிப் போய்விட்டார். சொந்தமெல்லாம் முடிந்து, வெளியாட்களுக்கு வணக்கம் சொல்லும் கடைசி அடியில், வீசுகோலைத் தூக்கி, என் பக்கம் திரும்பி, முழு மரியாதையோடு பாடினார்:

"மாதுங்காவுலேருந்து வந்திருக்கும் ஐயா அவர்களுக்கும் வணக்கமய்யா."

பின்பாட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து "ஆமா" என்றார்கள்.