லோங்வேயின் பழைய படம்

டாக்டர் லுசுங்கு முசிஸ்கா எந்த எக்ஸ்ரேயையும் நடுவிலிருந்து பார்ப்பதில்லை. வெளிச்சப் பெட்டியில் படத்தைச் செருகியதும், ஃபிலிம் டப்பாவின் மூடியிலிருந்து கத்தரித்து வைத்திருக்கும் இரண்டு விரல் அகல அட்டைத் துண்டால் மூலையில் உள்ள பெயரையும் வயதையும் மறைப்பார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டுவார். பேனாவின் மூடி முதலில் தோள் எலும்புக்குப் போகும். அங்கிருந்து காறை எலும்பு. அப்புறம் விலா எலும்புகளை மேலிருந்து கீழாக, உதடு அசைய, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கும். இதயத்தின் நிழலுக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுரையீரலுக்குள் நுழையும். நெஞ்சுப் படம் என்றால் கண் நேராக நுரையீரலுக்குத்தான் ஓடும். அங்கே ஒன்று அகப்பட்டுவிட்டால் மற்றதைத் தேடாது. கண்ணின் இந்த அவசரத்தை அவர் நம்புவதில்லை.

"நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள நோயாளிக்கு இன்னொரு விலா முளைச்சிடும் டாக்டரம்மா" என்பார் படம் எடுக்கும் கும்வெண்டா. முப்பது வருடமாக அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருப்பவர். லுசுங்கு பதில் சொல்லமாட்டார். எண்ணிக்கை தவறிவிடும்.

பிளான்டைரில் மருத்துவம் படித்து, நைரோபியில் நான்கு வருடம் இருட்டறையில் படம் படிக்கக் கற்று, முப்பத்தைந்தாம் வயதில் சொந்த ஊர் முசூசுவுக்குத் திரும்பி வந்தவர். இப்போது நாற்பத்தொன்று. காலையில் நாற்பது படம், மதியம் வயிற்று அல்ட்ராசவுண்ட், இடையில் மலைக்கு அப்பாலுள்ள சுகாதார நிலையங்களிலிருந்து போனில் வரும் படங்கள்: ஜன்னலில் பிடித்து எடுத்த எக்ஸ்ரே, அதில் பின்னாலிருக்கும் மாமரமும் சேர்ந்து தெரியும். நோயாளிகளுக்கு அவரைத் தெரியாது. அவர் எழுதும் நான்கு வரிதான் வெளியே போகும். அந்த வரிகளை ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஒட்டி, படத்தைச் சுருட்டி, இரண்டையும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

மார்ச் மாதத்து மழை நாள், செவ்வாய்க்கிழமை. பதினேழாவது படத்தில், வலது பக்கம் காறை எலும்பும் இரண்டாம் விலாவும் குறுக்கிடும் இடத்தில் பேனா நின்றது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு வட்ட நிழல். பிளாஸ்டிக் அளவுகோலை வைத்தார். பதினொரு மில்லிமீட்டர். அட்டையை நகர்த்தினார். யோத்தாம் லோங்வே, ஐம்பத்தாறு வயது, உசிஸ்யா ஏரிக்கரையில் படகு செய்யும் தச்சர். இருபது வருடம் புகைத்தவர். மூன்று வாரமாக இருமல்.

கூட வந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினார். நடுப்பக்கத்தில் ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. 'நெஞ்சுப் படத்தில் குறை இல்லை.' கீழே கையெழுத்து. லுசுங்குவுடையதுதான்.

அவர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். நான்கே வார்த்தை.

வார்டில் இளம் அறுவை மருத்துவர் முஹாங்கோ அவசரப்பட்டார். "தலைநகரத்துக்கு நெஞ்சு சர்ஜன் வந்திருக்கார் மேடம். திங்கக்கிழமை லிஸ்டுல ஒரு இடம் இருக்கு. சனிக்கிழமை காலையில ஆம்புலன்ஸ் போகுது. விட்டா அடுத்தது ஆகஸ்ட்டுதான்."

"ஸ்கேன் பாத்துட்டு..."

"சி.டி. ஸ்கேன் மிஷின் ரெண்டு மாசமா மூடிக் கெடக்கு. பார்ட் வரல. எதுக்கு யோசிக்கறீங்க? ஆறு வருஷத்துக்கு முன்னாடி சுத்தமா இருந்திருக்கு. இப்ப இருக்கு. புதுசுன்னா கெட்டதுதானே?"

"சுத்தமா இருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"நீங்கதான் மேடம்."

"அதனாலதான் பாக்கணும்ங்கறேன்."

ஆறு வருடமாக வளராமல் கிடக்கும் நிழல் என்றால் அது பழைய தழும்பு. யாரும் கத்தி வைக்க வேண்டியதில்லை. அன்று இல்லாமல் இன்று இருந்தால், நெஞ்சைப் பிளந்து எடுத்தே ஆகவேண்டும். பழைய படத்தைப் பார்க்காமல் தெரியாது. புள்ளி அதில் இருந்தால் லோங்வே தப்பித்தார், லுசுங்கு தவறிவிட்டார். இல்லாவிட்டால் லுசுங்கு சரி.

லோங்வே கட்டிலில் உட்கார்ந்து சோளக்களியை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நியாசிர்வா தரையில் பாயில் அமர்ந்து உசிப்பா கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் முழங்காலிட்டு இரண்டு கையையும் மெல்லத் தட்டி வணங்கினார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படம் வீட்டுல இருக்கா ஐயா?"

லோங்வே மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"கேக்கறாங்கல்ல. வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார் நியாசிர்வா.

"இருக்கு... முழுசா இருக்கான்னு கேட்டீங்கன்னா..."

"வெட்டிட்டாரு, நியாமுசிஸ்கா" என்றார் மனைவி, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'நியா'வை டாக்டரின் குடும்பப் பெயரோடு சேர்த்து. "நல்ல கெட்டி பிளாஸ்டிக்காம். தண்ணி பட்டாலும் சுருங்காதாம். எழுத்து எழுத்தா ஓட்டை வெட்டி, படகுமேல வச்சு பெயிண்ட் அடிச்சு, படகுக்கெல்லாம் பேர் போடறாரு. தன் நெஞ்சைத் தானே வெட்டி ஊர்ல பதினேழு படகுக்குப் பேர் வச்ச ஆளு இவரு ஒருத்தர்தான்."

"பதினாலு" என்றார் லோங்வே.

"வேற படம் எதுவும் எடுத்ததுண்டா? இதுக்கு நடுவுல, வேற ஆஸ்பத்திரியில?"

"அது ஒண்ணுதான். அதுல அப்படி என்ன இருக்கு டாக்டர்?"

லுசுங்கு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். நிழல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டையும் சொன்னார். லோங்வேயின் கையில் களி உருண்டை அப்படியே இருந்தது.

நியாசிர்வா கேட்டார்: "அப்ப ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார்.

உசிஸ்யாவில் மேட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல். லோங்வேயின் மச்சான் பீட்டன் புதன்கிழமை மதியம்தான் அகப்பட்டான். பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும், ஒரு துண்டு விடாமல் எடுத்து வா என்று லோங்வே கத்திச் சொன்னார். வெட்டி விழுந்த எழுத்துகளையும் தேடச் சொன்னபோது, "அதையெல்லாம் கோழி கெளறி எந்தக் காலமோ ஆச்சு மாமா" என்று பீட்டன் சிரித்தது வெளியே நின்ற லுசுங்குவுக்கும் கேட்டது. வியாழக்கிழமை ஏரியில் காற்று. படகு புறப்படவில்லை.

அந்த மூன்று நாளும் லுசுங்குவின் பேனா நகர மறுத்தது. ஒவ்வொரு படத்திலும் காறை எலும்புக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. நாற்பது படம் இருபத்தெட்டாகச் சுருங்கியது. வாசலில் வரிசை மழைக்குள் நீண்டது. வந்த முதல் வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த நான்கு வார்த்தையை எழுதியிருப்பார்? எல்லாப் படமும் ஏதேதோ வீடுகளில், மெத்தைக்கு அடியில், ஓட்டை ஜன்னலில். கூப்பிட்டுப் பார்க்க ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் இல்லை.

வியாழன் மாலை வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, தான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். கர்த்தரே, அந்தப் படம் சுத்தமாக இருக்கட்டும். வேண்டியது இதுதான். சுத்தமாக இருந்தால் அந்த மனிதருக்கு என்ன என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. கோப்பையைக் கீழே வைத்தார். திருத்தி வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டி பீட்டன் வந்து சேர்ந்தான். காலை முழுக்க படகில் நகாட்டா துறைக்கு, அங்கிருந்து மினிபஸ்ஸில் மலை மேலே. இரண்டு பலகைக்கு நடுவே படத்தை வைத்து வலைக்கயிற்றால் கட்டியிருந்தான். "பெயிண்ட்டு கொஞ்சம் இருக்கும். சொரண்டல. சொரண்டினா போயிடும்னு போன்ல அக்கா கத்துனாங்க."

கொஞ்சமா? படம் முழுக்க நீலமும் வெள்ளையும் காய்ந்திருந்தது. நடுவில் வரிசையாக எழுத்துகளின் ஓட்டை. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் தெரிந்தது. பெயர் இருந்த மூலையும் போயிருந்தது. கும்வெண்டா பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல வலது மேல்பக்கத்தை மட்டும் துடைத்தார்.

"மெதுவா."

"மெதுவாத்தான் டாக்டரம்மா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா வெளிச்சம் வரும்."

படம் பெட்டியில் ஏறியது. நேராக அந்த இடத்துக்குப் போகத் துடித்த கண்ணை லுசுங்கு இழுத்துப் பிடித்தார். முதலில் இது அவர் நெஞ்சுதானா? இடது காறை எலும்பில் பழைய முறிவு கூடிய முடிச்சு. புதிய படத்திலும் அதே முடிச்சு, அதே சாய்வு. கழுத்தோரம் பிறவியிலேயே வந்த ஒரு குட்டி விலா, இரண்டிலும். அவர்தான்.

பிறகு வலது பக்கம். இரண்டாம் விலா. காறை எலும்புக்குப் பின்னால், ஒரு எழுத்தின் வெட்டுக்கு அரை விரல் மேலே.

இருந்தது.

அளவுகோலை வைத்தார். பதினொன்று. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பதினொன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் இதே பெட்டியில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார். முகம் சூடேறியது. கூடவே, தோளிலிருந்து ஏதோ நழுவி விழுந்ததுபோலவும் இருந்தது.

புத்தகத்தில் தன் பழைய தாளுக்குக் கீழேயே எழுதினார்: 'முந்தைய படத்திலும் இந்த நிழல் இதே அளவில் உள்ளது. அப்போது நான் கவனிக்கத் தவறினேன். அறுவை தேவையில்லை. வருடம் ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட வேண்டும்.' முஹாங்கோ அதைப் படித்துவிட்டு, அந்த நடு வரியில் ஒரு கணம் நின்று, சர்ஜனின் லிஸ்டில் பெயரை அடித்தார்.

லோங்வேயிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அப்ப இருமல்?"

"அது வெறும் சளி. மாத்திரை சாப்பிட்டா போயிடும்."

"அப்ப நீங்க அன்னிக்கே ஒழுங்காப் பாத்திருந்தா?"

"அன்னிக்கே உங்களை அறுவைக்கு அனுப்பியிருப்பேன்."

அவர் இதை மனதில் புரட்டிப் பார்த்தார். நியாசிர்வா அதற்குள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார். "எதுக்கும் புதுப் படத்தை நான் வச்சுக்கறேன் நியாமுசிஸ்கா. இவரு கையில குடுத்தா அடுத்த வாரம் பதினஞ்சாவது படகு தண்ணியில எறங்கிடும்."

சனிக்கிழமை காலை ஆம்புலன்ஸ் வேறு இருவரோடு போனது. லோங்வேயின் அடுத்த வருடப் படத்திலும் பதினொன்றுதான்.

இரண்டு வருடம் கழித்து கும்வெண்டா ஓய்வு பெற்றார். ஆட்டுக்கறி விருந்து முடிந்து, பாட்டும் முடிந்து, எல்லோரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் லுசுங்குவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லோங்வேயின் முதல் படத்தை எடுத்த அன்றே அந்த நிழலைத் தான் பார்த்ததாகச் சொன்னார். காட்டுவதற்காக லுசுங்குவின் அறைக்கதவு வரைக்கும் வந்திருக்கிறார். உள்ளே லுசுங்கு வேறு ஒருவரிடம், படம் எடுக்கறவங்க படம் எடுத்தா போதும், படிக்கறதுக்கு நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் திரும்பிவிட்டார். அப்படிச் சொன்னது லுசுங்குவுக்கு நினைவில்லை. அது ஒன்றுதானா என்று கேட்டார். அந்த வருடத்தில் கும்வெண்டா இப்படிச் சந்தேகப்பட்டுக் கதவுவரை கொண்டுவந்து, தட்டாமல் திரும்ப எடுத்துப் போன படங்கள் மொத்தம் நான்கு. லோங்வேயைத் தவிர மற்ற மூவரில் ஒருவரின் ஊர் மட்டும்தான் கும்வெண்டாவுக்கு நினைவிருந்தது.