எல்வா கப்டில் விடாமல் பிடித்த கை

எங்கள் கிரீன்லா தீவில் ஆம்புலன்ஸ் ஓட்டிய முதல் பெண் எல்வா கப்டில். இருபத்தேழு வருடம் ஓட்டினாள். அது தொண்டு வேலை, சம்பளம் கிடையாது. பிரசவ வலி, மாரடைப்பு, கயிற்றில் சிக்கி விரல் போன மீனவன் என்று யாராக இருந்தாலும் வண்டியில் ஏற்றுவாள். துறைக்கு விரட்டி, வண்டியோடு படகில் ஏறி, அக்கரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். திட்டிக்கொண்டேதான் காப்பாற்றுவாள். என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடைத் தரையில் கிடந்தபோது, "செத்துத் தொலைச்சீன்னா ஆர்லின் இந்தக் கடைய ஒத்தையா வச்சு என்ன பண்ணுவா? இழு மூச்சை!" என்று கத்தினாள். அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். எல்வாவைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

அந்தப் படகு அரசாங்கத்தின் படகு. பன்னிரண்டு கார் நிற்கும். அக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம். நானூறு பேர் இருக்கிற தீவுக்கு அது ஒன்றுதான் சாலை. இரண்டு வருடம் முன்பு நவம்பரில், அதை நிறுத்தப்போவதாகப் போக்குவரத்துத் துறை எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 'தேவைக்கேற்ற மாற்றுச் சேவை' வருமாம். இப்படிப் பூசி மெழுகி எழுத அவர்களுக்கு யார்தான் கற்றுக்கொடுத்தார்களோ!

எல்வாவுக்கு அது பேரிடி. அவள் கணவன் லோர்ன் நாற்பது வருடம் கல்லிறால் பிடித்தவன். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அக்கரையில் டயாலிசிஸ். படகு நின்றால் லோர்ன் எப்படிப் போவான்?

தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். எல்வா கடிதத்தை நான்கு முறை படித்திருந்தாள்.

"இதுல ஒண்ணு போட்டிருக்கான் பாருங்க. ராஜாவோட பிரதிநிதியா இருக்கிற துணைநிலை ஆளுநரம்மா கையெழுத்து போட்டாத்தான் இது செல்லும்னு. அந்தம்மா போடலைன்னா?"

படகை ஓட்டுகிற வென்டெல் சிரித்தான். "அவங்க போடாம இருந்ததே இல்ல எல்வா. மந்திரிங்க நீட்டுவாங்க, அவங்க போடுவாங்க. அதுக்குத்தான் அவ்வளவு பெரிய மாளிகை."

"போடாதீங்கன்னு யாராவது போய் கேட்டிருக்கீங்களா?"

உண்மையில் எங்களில் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ராஜா படத்துக்குக் கீழே நின்று பாடிய ஆட்கள் நாங்கள். மேலே ஒருத்தர் இருக்கிறார், நேரில் போய்ச் சொன்னால் கேட்பார் என்று மனதில் எங்கேயோ ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஏமாளித்தனம்தான். எனக்கும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் மாகாணத்தில் புத்தாண்டு நாளன்று ஆளுநர் மாளிகைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று ஆளுநரிடம் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லலாம். லோர்னை அவன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு எல்வாவும் நானும் போனோம். பனியில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே பழக் கேக், பட்டாளத்துக்காரர்கள் 'மூஸ் பால்' என்று பேர் வைத்த ரம் கலந்த பால், ஊதுகுழல் வாத்தியம் எல்லாம் இருந்தன. எல்வா எதையும் தொடவில்லை.

வரிசை முனையில் தங்கப் பின்னல் தொங்கும் சீருடையில் ஓர் உதவித் தளபதி நின்றார். அவர் நம் பேரைக் கேட்டு உரக்கச் சொல்வார். நாம் ஆளுநர் கையைக் குலுக்கிவிட்டு நகர வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று விநாடி.

"கிரீன்லா தீவு, திருமதி எல்வா கப்டில்!"

ஆளுநர் ஒடெட் பாஸ்டராஷ் சின்ன உருவம், நரைத்த தலை. முன்பு பள்ளித் தலைமையாசிரியை. "புத்தாண்டு வாழ்த்துக்கள்" என்று கையை நீட்டினார். எல்வா பிடித்தாள். மூன்று விநாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. அவள் விடவில்லை.

"அம்மா, எங்க படகை நிறுத்தற பேப்பர் உங்க மேசைக்கு வரும். அதுல நீங்க கையெழுத்து போடக் கூடாது."

"மேடம், இங்க அரசியல் பேசக் கூடாது" என்றார் உதவித் தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் அரசியல் பேசல தம்பி. என் புருஷன் சிறுநீரகத்தைப் பத்திப் பேசறேன்."

ஆளுநர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். "திருமதி கப்டில், அமைச்சரவை சொன்னா நான் மறுக்க முடியாதுங்க. என் வேலையே அப்படித்தான்."

"மறுக்க முடியாதுன்னா விடுங்க. ஏன்னு ஒரு கேள்வி கேட்க முடியுமா?"

"கேட்கலாம்."

"அப்ப கேளுங்க. லோர்ன் கப்டில் எப்படி அக்கரைக்குப் போவான்னு கேளுங்க."

சீருடைக்காரர் எல்வாவின் முழங்கையைத் தொட்டார். அப்போதுதான் விட்டாள். வெளியே வந்ததும், "கேட்பாங்க, ஆர்லின். அந்தக் கை சூடா இருந்துச்சு" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஜனவரி மூன்றாவது வாரம் அரசிதழில் ஆணை வந்தது. கீழே ஒடெட் பாஸ்டராஷ் என்ற பேர். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தாளைக் காட்டி வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்வா அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, பாலையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி படகு நின்றது. மாற்றுச் சேவை என்றார்களே, அது வேறொன்றுமில்லை, கூப்பிட்டால் வருகிற ஒரு மோட்டார் படகு. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அது வராது. எனவே லோர்ன் மீன்பிடிப் படகில் போனான். எங்கள் கடலில் ஓதம் இறங்கினால் தண்ணீர் துறைக்கு இருபதடி கீழே போய்விடும். வீங்கிய காலோடு அந்த மனுஷன் வழுக்கும் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்குவான். கீழே எல்வா அவன் பூட்ஸைப் பிடித்துப் படியில் வைப்பாள். டயாலிசிஸ் முடித்துத் தள்ளாடி வந்து அதே மாதிரி ஏற வேண்டும். இந்த ஆணையை எழுதியவனை ஒரே ஒரு நாள் அந்த ஏணியில் இறக்கிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

மே மாதம் எல்வாவுக்கு ஒரு தடித்த உறை வந்தது. மேலே கிரீடம். தபால் என் கடைக்குத்தான் வரும் என்பதால் என் முன்னால்தான் பிரித்தாள்.

"தொண்டுக்குப் பதக்கமாம். ஆளுநரம்மா தீவுக்கே வந்து குத்திவிடுவாங்களாம். ஜூன் பதினோராம் தேதி."

"அவங்க மூஞ்சியிலயே விட்டெறி" என்றேன்.

"எதுல வருவாங்க, ஆர்லின்?"

நான் யோசித்தேன். அவர்களுக்கு ஒரு பெரிய கறுப்புக் கார் உண்டு. எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் கிரீடம் இருக்கும். ஆளுநர் மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு வருவாரா என்ன? அந்தக் காருக்காகப் படகை விடுவார்கள்.

"பதினொண்ணு செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிவிட்டு எல்வா உறையை மடித்துப் பையில் வைத்தாள்.

அப்படியே நடந்தது. ஆள் இல்லை, எண்ணெய் இல்லை, இஞ்சின் பழசு என்று எங்களுக்கு நிறுத்திய அதே படகு, புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, கொடி கட்டிக்கொண்டு வந்தது. வேலையை விட்டு அனுப்பிய வென்டெலை ஒரே ஒரு நாளைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு காருக்கு! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காற்று. லோர்னுக்கு டயாலிசிஸ் தவறிவிட்டது. செவ்வாய் காலை அவன் முகமே ஊதியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தீயணைப்புக் கொட்டகையில் மேசைமேல் கேக், காகிதத் தோரணம், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு எல்லாம் தயார். பதக்கம் வாங்க வேண்டியவள் மட்டும் இல்லை. லோர்னை ஆம்புலன்ஸில் படுக்க வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிவிட்டு, வண்டியைப் படகின் வாயிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

உதவித் தளபதி ஓடி வந்தார். அதே ஆள். "மேடம், படகு நாலு மணி வரைக்கும் இங்கதான் நிக்கும். அதுவும் அரசு வண்டிய மட்டும்தான் ஏத்தணும்னு உத்தரவு. காப்பீடு அப்படி."

"என் புருஷனுக்கு பன்னெண்டு மணிக்கு ஊசி ஏத்தணும்."

"புரியுது மேடம், ஆனா..."

"உனக்கு ஒரு மண்ணும் புரியல. வென்டெல், வண்டி ஏத்தற பாலத்தை இறக்கு!"

வென்டெல் கையைப் பிசைந்தான். அதற்குள் ஆளுநரே கொட்டகையிலிருந்து நடந்து வந்துவிட்டார், குதிகால் செருப்போடு, சரளைக் கல்லில் தடுமாறிக்கொண்டு. எல்வா கும்பிடவும் இல்லை, குனியவும் இல்லை.

"எனக்குப் பதக்கம் வேணாம். படகு வேணும். இன்னைக்கு உங்களுக்கு எண்ணெய் கிடைச்சுதே, எப்படி?"

ஆளுநர் வண்டிக்குள் எட்டி லோர்னைப் பார்த்தார். பிறகு உதவித் தளபதியிடம் திரும்பினார். "கேப்டன், அரசு வண்டின்னா எது?"

"நீங்க பயணம் செய்யற வண்டிங்கம்மா."

அவர் ஆம்புலன்ஸின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "அப்ப இதுதான். கொடியை இதுல மாட்டுங்க."

தீவே கைதட்டியது. லோர்னின் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டே நானும் தட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படகு பாதிக் கடலில் இருக்கும்போது எல்வா பேசினாள். நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னைக்கு உங்களால முடிஞ்சுதே. அன்னைக்கு ஏன் முடியல?"

ஆளுநர் பதில் சொன்னார். "கேட்டேன், எல்வா. லோர்ன் பேரைச் சொல்லியே கேட்டேன். ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை போடத்தான் வேணும்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"வெளிய சொல்லக் கூடாது. எச்சரிக்கலாம், எச்சரிச்சேன்னு சொல்லக் கூடாது. இப்ப சொன்னதே தப்பு. எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

"வெளிய சொல்ல முடியாத உங்க வருத்தத்தை வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது? அதுல ஏறி அக்கரைக்குப் போக முடியுமா?"

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மருத்துவமனை நடைபாதையில் பதக்கத்தைக் கொடுத்தார். எல்வா வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. அதற்கு முன்பே, படகிலிருந்து ஆம்புலன்ஸ் இறங்கும்போது யாரோ படம் எடுத்திருந்தார்கள்.

அன்று மாலை, தீவில் நின்ற கறுப்புக் காரை எடுத்துவரப் படகு போனபோது ஆம்புலன்ஸோடு நாங்களும் திரும்பிவிட்டோம். வியாழக்கிழமை காலை செய்தித்தாளில் அந்தப் படம் வந்திருந்தது. கொடி கட்டிய ஆம்புலன்ஸ், பின்னால் பளபளக்கும் படகு, 'தீவு மக்களோடு உங்கள் அரசு' என்று கொட்டை எழுத்தில் அரசாங்க விளம்பரம். அதை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். எல்வா வழக்கம்போல் லோர்னை ஏற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். காற்று பலமாக அடித்தது. மீன்பிடிப் படகு எதுவும் கிளம்பவில்லை. அக்கரையில் எங்கள் படகு கட்டிக் கிடப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. எல்வா துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனைப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. "இன்னைக்கு அரசு விருந்தினர் யாரும் வரலையே மேடம்?"

எல்வா போனை வைத்தாள். படத்தைக் காட்டினேன். பார்த்தாள், கிழிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போலாம் எல்வா" என்றான் லோர்ன் உள்ளேயிருந்து.

"போலாம். போய் பூட்டிட்டு வந்துடலாம்."

மறுநாள் காற்று இறங்கியது. இரண்டு பெட்டிகளோடு அவர்கள் அதே ஏணியில் இறங்கினார்கள். அக்கரையில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருந்தாள். இறங்குமுன் ஆம்புலன்ஸ் சாவியை என் கையில் திணித்தாள்.

"எனக்கு அதை ஓட்டத் தெரியாதே எல்வா!"

"தெரிய வேணாம். ஆளுநரம்மா மாதிரி வச்சிரு. சாவி உன்கிட்ட இருக்கும், வண்டி மட்டும் ஓடாது."

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஆகஸ்டில் இரண்டு தடவை கடைக்குப் போன் வந்தது. ஒன்று ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொன்று கிழவர் ஒருவருக்கு நெஞ்சு வலி. இரண்டு தடவையும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்.